தற்காலிக அரசு வழக்கறிஞரின் முதல் சாட்சி

எங்கள் சீனியரைத் தற்காலிக அரசு வழக்கறிஞராகப் போட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, கோர்ட் வாசல் டீக்கடையில் முதலில் சிரித்தவர் கோர்ட் ஏட்டு.

"நாங்க அங்கிட்டுப் போயி அலஞ்சு ஆளைப் புடிச்சுட்டு வந்து, இனிமே அவன் வக்கீலு கையிலயே கொடுக்கணுமாக்கும்" என்றார். பிறகுதான் பெஞ்சின் ஓரத்தில் என்னைக் கவனித்தார். "தம்பி, நீங்களும் இருக்கீங்களா? ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

நான் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அதே எண்ணம்தான். அவரிடம் ஜூனியராக இருந்துகொண்டு அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் தாலுகா கோர்ட்டும் ஒன்று. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இருந்த நிரந்தர அரசு வழக்கறிஞர் மாறுதலில் போனபின் நாற்காலி காலியாகவே கிடந்தது. வேறொரு கோர்ட்டின் வழக்கறிஞருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்தார்கள். அவருக்கு இரண்டு கோர்ட்டும் பாரம். எங்கள் பக்கம் வர வேண்டிய நாளில் ஆவுடையார்கோவில் தாண்டி வண்டி பஞ்சர் என்று போன் வரும். அடிபட்டவர்களும் பறிகொடுத்தவர்களும் காலையில் பஸ் ஏறி வந்து, மரத்தடியில் உட்கார்ந்து, "அரசுத் தரப்பு வக்கீல் வரலை, வாய்தா" என்ற ஒற்றை வரியைக் கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் சிரித்துக்கொண்டே போவார்கள். கடைசியில் மாஜிஸ்ட்ரேட் அம்மா மேலே எழுதினார். நிரந்தர ஆள் வரும்வரை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைத் தற்காலிகமாக நியமிக்கலாம், பெயர்களை அனுப்புங்கள் என்று எங்கள் வக்கீல் சங்கத்துக்குக் கடிதம் வந்தது.

நான் வக்கீல் ஆனதே அந்த நாற்காலிக்காகத்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கந்தர்வக்கோட்டைப் பக்கம் வானம் பார்த்த பூமி. சட்டம் படிக்கப் போகிறேன் என்றபோது அப்பா கேட்டது ஒன்றுதான்.

"அடிச்சவன் பக்கமா, அடிபட்டவன் பக்கமா?"

இரண்டு பக்கத்துக்கும் வக்கீல் வேண்டும், அதுதான் நியாயம் என்று கல்லூரிப் பாடத்தை ஒப்பித்தேன்.

"அதெல்லாஞ் சரி. அடிபட்டவன் பக்கம் நிக்கிறவருக்கு என்ன பேரு?"

"கவர்மெண்ட் வக்கீல்."

"அப்ப அதுக்குப் படி."

அதற்குத் தேர்வு உண்டு. அதற்காகவே படித்துக்கொண்டும், பகலில் சீனியரின் வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டும் இருந்தேன். ஆகவே அந்தத் தற்காலிகத் தேர்வு நடந்த லட்சணத்தை நான் அக்கறையோடு பார்த்தேன். அப்படிப் பார்த்திருக்க வேண்டாம்.

சங்க அறையில் அன்று நடந்ததை ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாருக்குக் கை நீட்டுவதோடு ஒப்பிடலாம்; பந்தியிலாவது இலை போட்டு உட்காருவார்கள். ஒருவர் தன் மாமனார் யார் என்று சொன்னார். இன்னொருவர் போன தேர்தலில் தன் கார் எந்தெந்த ஊருக்கு ஓடியது என்று சொன்னார். எங்கள் சீனியர் எதையும் சொல்லவில்லை. போனை மேஜைமேல் வைத்துவிட்டு, அது அடிக்கட்டும் என்று காத்திருந்தார். அடித்தது. "வணக்கம்ணே" என்று எழுந்து நின்று பேசினார். போனில் இருப்பவருக்கு எழுந்து நிற்கும் மனிதரைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கார் ஓட்டியவர் தன் பயோடேட்டாவைச் சுருட்டி விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்.

நீ இதுவரை ஒரு வழக்கையாவது அரசுத் தரப்பில் நடத்தியிருக்கிறாயா என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் சீனியர் சிரித்திருப்பார். வக்கீல் தொழிலில் கால் வைத்த நாள் முதல் அவர் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டுமே ஆஜரானவர். அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று: கூண்டில் ஏறிய சாட்சியை இறங்குவதற்குள் பொய்யனாக்குவது. அந்த வித்தையில் அவர் கெட்டிக்காரர் என்பதை நான் மறுக்க மாட்டேன். கோழி திருடுவதில் கெட்டிக்காரரைக் கொண்டுபோய்க் கோழிப்பண்ணைக்குக் காவல் வைத்தார்கள், அவ்வளவுதான்.

உத்தரவு வந்தது. சால்வை போர்த்தினார்கள். சீனியரின் அலுவலக வாசலில் பழைய போர்டை எடுக்காமல், அதன் தலைமேல் "அரசு வழக்கறிஞர்" என்று புதிய தகரம் ஒன்றை அடித்தார்கள். "தற்காலிகம்" என்ற சொல்லுக்குத் தகரத்தில் இடம் போதவில்லையாம். போர்டு எழுதுபவர் சொன்னதாகச் சீனியர் சொன்னார்.

அடுத்து ஒரு சங்கடம். அந்தக் கோர்ட்டில் இருந்த வழக்குகளில் பாதிக்கு மேல் எதிர்த்தரப்பு வக்கீல் இவர்தான். இனி இவர் அரசுத் தரப்பு. சீனியர் அதை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தீர்த்தார். தன் கட்டுகளை எல்லாம் எனக்கு மூத்த ஜூனியரின் பெயருக்கு மாற்றினார். அந்த அண்ணன் நல்லவர். சீனியர் தும்மினால் கைக்குட்டை எடுப்பவர். கட்டுகள் அதே பீரோவில் இருந்தன. அதே குமாஸ்தா தூசி தட்டினார். ஒரு வழக்கின் இரண்டு தரப்பும் ஒரே அறையில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து ஒரே கேரியரில் மதியச் சாப்பாடு சாப்பிட்டதை அந்த மாதங்களில்தான் நான் கண்டேன். நான் சீனியரோடு அரசுத் தரப்புக்கு என்று ஒதுக்கப்பட்டேன். அப்பாவிடம் போனில் சொன்னேன். "அடிபட்டவன் பக்கம் வந்துட்டியா" என்று சந்தோஷப்பட்டார். விவரத்தைச் சொல்ல மனம் வரவில்லை.

அவருடைய முதல் சாட்சி, முந்திரித் தோப்பு வைத்திருந்த ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கணவர் வளைகுடாவில் வேலை. பக்கத்துத் தோப்பு பங்காளியுடையது. கணவருக்குத் தம்பி முறை. எல்லையில் நின்ற ஒரு மரத்தின் பழத்தை யார் பொறுக்குவது என்று பேச்சு தடித்து, அவன் துரட்டிக் கம்பால் அடித்ததில் அவளுடைய வலது மணிக்கட்டு உடைந்தது. சேர்ந்த எலும்பு கோணலாகச் சேர்ந்தது. கைவிரல்கள் பாதிதான் மடங்கும்.

கோர்ட் மரத்தடியில் அவளுடைய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டும் வேலை எனக்கு. வாசித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"தம்பி, இதெல்லாம் நான் சொன்னதுதான். ஒண்ணு மட்டும் கேக்குறேன். நான் மரத்துலேர்ந்து விழுந்தேன்னு ஊரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுறான். அவன் அடிச்சான்னு கோர்ட்டுல சொல்வாங்களா?"

"நிரூபணமானால் சொல்வாங்க, அக்கா."

"ஜெயிலுக்குப் போறான், போகலை, அது அவன் பாடு. எம் புருசன் போன்ல கேக்குறாரு, 'ஆம்பள இல்லாத நேரத்துல ஒனக்கு மரத்துல என்ன சோலி'ன்னு. நான் எந்த மரத்துல ஏறுனேன்? கடைக்குப் போனா, 'என்னக்கா, பாத்து எறங்குங்க'ங்குதுக. படியில எறங்குனாலும் அதே பேச்சு. அவன் அடிச்சான்னு யாராச்சும் பெரியவுங்க வாயால சொல்லணும். அம்புட்டுதான்."

அந்த மரக் கதை எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். பங்காளிக்கு முதலில் ஜாமீன் எடுத்தவர் எங்கள் சீனியர். மனுவில் என்ன எழுதலாம் என்று ஜன்னலைப் பார்த்து யோசித்தவர், "அவளே பழம் பறிக்க மரத்துல ஏறி விழுந்துட்டான்னு போடு" என்று குமாஸ்தாவிடம் சொன்னபோது நானும் அறையில் இருந்தேன். பங்காளிக்கே அதுவரை அப்படி ஒரு யோசனை இல்லை. ஜாமீனோடு அந்தக் கதையையும் இலவசமாக வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனான். இப்போது அதே மனிதர் இவளுக்காக நிற்கப் போகிறார். அருகிலிருந்து பார்த்த மேற்குத் தோப்புக்காரர் சாட்சி சொல்ல மாட்டேன் என்று முன்பே ஊரறியச் சொல்லிவிட்டார். டாக்டர் சர்டிபிகேட் கை உடைந்ததைச் சொல்லும், உடைத்தவனைச் சொல்லாது. மிச்சம் அவள் வாய் மட்டும்தான்.

சாட்சி விசாரணை நாளன்று காலை சீனியரிடம் வழக்குக் கட்டை நீட்டினேன். "சார், ஒருதடவை பாத்துருங்க."

"நான் பாக்காத அடிதடியா? வச்சுட்டுப் போப்பா" என்று கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். இது நாம் முன்பு ஜாமீன் எடுத்த ஆள் என்றும் சொன்னேன். "அதான் கட்டை அவன்ட்ட கொடுத்தாச்சுல்ல" என்று மூத்த ஜூனியரைக் காட்டினார். அண்ணன் பவ்யமாகத் தலையசைத்தார்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். அவள் கூண்டில் ஏறினாள். பங்காளி எதிர்க் கூண்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சீனியர் கம்பீரமாக எழுந்து, "நடந்ததைப் பயப்படாமச் சொல்லும்மா" என்றார். அவள் பயப்படாமல் சொன்னாள். மரம், பழம், பேச்சு, கம்பு, கை எல்லாம் வரிசையாக வந்தது. டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டே வந்தார். முடிவில் கோணல் கையை நீட்டி, "இந்தா நிக்கிறானே, இவன்தான் அடிச்சான்" என்றாள்.

அரசு வழக்கறிஞர் அந்த இடத்தில் உட்கார வேண்டும். அதற்குமேல் அவருக்கு வேலை இல்லை. ஆனால் "இவன்தான்" என்று ஒரு சாட்சி கை நீட்டிவிட்டால் எங்கள் சீனியரின் உடம்பு தானாக முன்னால் சாயும். கறுப்பு கவுனை இரண்டு தோளிலும் இழுத்துவிட்டுக்கொள்வார். அன்றும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏம்மா, முந்திரி மரம் தாழ்வான மரந்தானே?"

"ஆமா."

"சின்னப்புள்ள கூட ஏறலாம்?"

"ஏறலாம்."

"நீ ஏறுனதே இல்ல?"

"நான் எதுக்கு ஏறணும்? கீழ விழுகுறதத்தான் பொறுக்குவோம்."

பின்னாலிருந்து அவருடைய கவுனைப் பிடித்து மெல்ல இழுத்தேன். ஈயை ஓட்டுவதுபோலக் கையை வீசினார்.

"புருசன் ஊர்ல இல்ல. தோப்புல ஆளில்ல. பழத்துக்கு ஆசைப்பட்டு நீயே ஏறி, கால் வழுக்கி விழுந்து கையை ஒடச்சுக்கிட்டு, பங்காளிப் பகையில இந்த அப்பாவி மேல பொய்க் கேஸ் போட்டுருக்கேங்குறேன். சரிதானே?"

ஏட்டு தொப்பியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். எதிர்க் கூண்டில் பங்காளி, தன் வக்கீல் நன்றாகத்தான் கேட்கிறார் என்ற திருப்தியில் தலையை ஆட்டினான்.

"இல்லைங்க" என்றாள் அவள். "நான் விழுகலை. அவன் அடிச்சான்."

"விழுந்ததை மறைக்கிறே."

"விழுகவே இல்லைங்கறேன், மறைக்க என்ன இருக்கு? எத்தனை தரம் கேட்டாலும் அதான். அவன் அடிச்சான், அவன் அடிச்சான், அவன் அடிச்சான்."

டைப்பிஸ்ட் கையை எடுத்துவிட்டு மேலே பார்த்தார். "அம்மா, இதை முதல் விசாரணைன்னு போடவா, குறுக்கு விசாரணைன்னு போடவா?"

மாஜிஸ்ட்ரேட் அம்மா பேனாவை வைத்தார். "மிஸ்டர் பப்ளிக் பிராசிக்யூட்டர், நீங்க யாருக்காக ஆஜராகுறீங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காதோரம் சிவந்ததை நான் பார்த்தேன். வேறொருவராக இருந்தால் மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்திருப்பார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"உண்மைக்காக, அம்மா" என்றார்.

"உட்காருங்க. கேட்டது அரசுத் தரப்பு. முதல் விசாரணையிலேயே போடுங்க" என்று டைப்பிஸ்டிடம் சொல்லிவிட்டு, மூத்த ஜூனியர் பக்கம் திரும்பினார். "எதிர்த்தரப்பு, குறுக்கு விசாரணை?"

இங்கேதான் எங்கள் அலுவலகத்து வழக்கம் ஒன்று வேலை செய்தது. ஒரு சாட்சியைச் சீனியர் கேட்டு முடித்தபின் ஜூனியர் எழுந்து மேற்கொண்டு கேட்கக் கூடாது. கேட்டால், சீனியர் எதையோ விட்டுவிட்டார் என்று அர்த்தமாகும். சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னது. அண்ணன் எழுந்தார். சீனியரின் முதுகைப் பார்த்தார். கேட்க வேண்டிய கேள்விகள் அவர் கையிலிருந்த தாளில் இருந்தன. அத்தனையும் சீனியர் எழுதிக் கொடுத்தவை, அத்தனையும் சீனியரே இப்போது கேட்டுவிட்டவை. திரும்பக் கேட்பது மரியாதையாக இருக்காது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"கேள்வி இல்லை, அம்மா" என்றார்.

"நிச்சயமா?"

"சீனியர் கேட்டுட்டார்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "இல்லை, அம்மா" என்று உட்கார்ந்தார்.

அன்று மாலை அலுவலகத்தில் அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார். "சார், அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு கிராஸ் பண்ண ஒரு மனு போட்டுரலாமா?"

"என்ன காரணம் எழுதுவே?"

அண்ணன் யோசித்தார். நானும் யோசித்தேன். உண்மையான காரணத்தை எழுதினால், அரசு வழக்கறிஞரே எங்கள் கேள்விகளைக் கேட்டுவிட்டார் என்று எழுத வேண்டும். அந்தத் தாள் மேலே போனால் வாசல் தகரம் கீழே வரும். சீனியர் கேரியர் மூடியை அழுத்தி மூடினார்.

"வேண்டாம், விடு. கட்சிக்காரன்ட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார். கட்சிக்காரன் என்று அவர் சொன்னது பங்காளியை. யார் தன் கட்சி என்பதை அவர் நாக்கு மட்டும் மறக்கவே இல்லை.

டாக்டர் வந்து தன் பங்கைச் சொன்னார். மேற்குத் தோப்புக்காரர் வந்து தான் எதையும் பார்க்கவில்லை என்றார். தீர்ப்பு நாளில் மாஜிஸ்ட்ரேட் அம்மா முக்கியமான பகுதியை நிறுத்தி வாசித்தார். அடிபட்டவரின் சாட்சியத்தை எதிர்த்தரப்பு ஒரு கேள்வியாலும் மறுக்கவில்லை. மரத்திலிருந்து விழுந்ததாக அரசுத் தரப்பு ஏன் கேட்டது என்பது இந்த நீதிமன்றத்துக்கு விளங்கவில்லை. எப்படியானாலும் சாட்சி அதை உறுதியாக மறுத்திருக்கிறார். ஆகவே எதிரி அடித்தது நிரூபணமாகிறது.

தண்டனை, கோர்ட் கலையும்வரை காவலில் உட்கார்ந்திருப்பதும் அபராதமும். முதல் குற்றம், சொந்தக்காரர்கள் என்று காரணம் சொன்னார். மடங்காத விரல்களுக்கு ஒரு சாயங்காலம் வரை பெஞ்சு. அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் தண்டனையைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"தம்பி, அவன் அடிச்சான்னு அந்தம்மா சொல்லிருச்சுல்ல?"

"சொல்லிட்டாங்க, அக்கா."

"சத்தமாத்தான சொல்லுச்சு? பின்னாடி நின்னவுங்களுக்குக் கேட்டுருக்கும்ல?"

வராண்டாவில் சீனியர் சங்கத்து ஆட்கள் நடுவே நின்றுகொண்டிருந்தார். தாம் வேண்டுமென்றே எதிர்த்தரப்பின் கேள்விகளைக் கேட்டு அதன் வாயை அடைத்ததாகவும், இது புத்தகத்தில் இல்லாத உத்தி என்றும் விளக்கிக்கொண்டிருந்தார். புத்தகத்தில் இல்லாதது உண்மைதான். கார் ஓட்டியவர் கூட ஆமாம் போட்டார். அவளைப் பார்த்ததும் சீனியர் கையைத் தூக்கினார்.

"பாத்தியாம்மா? ஒனக்கு எப்படி ஜெயிச்சுக் கொடுத்தேன்?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க அவன் வக்கீலுதானே?" என்றாள்.

ஒருவர் இருமினார். ஏட்டு அவசரமாக உள்ளே போனார். சீனியர் என்னைப் பார்த்து, "எடுத்துச் சொல்லுப்பா" என்றார். நான் கட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அடுத்த மாதமே அவருடைய நியமனத்தை நீட்டித்தார்கள். வழக்கை ஜெயித்த திறமைக்காக என்று பரிந்துரையில் எழுதியிருந்ததாம். நான் அதற்கு முன்பே கட்டுகளைக் குமாஸ்தாவிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று சொன்னேன். அது பொய்யில்லை.

தீர்ப்பு நாளில் அவள் உடனே ஊருக்குக் கிளம்பவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பங்காளி உட்கார்ந்திருப்பதைக் கோர்ட் கலையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவன் வெளியே வந்தபோது வாசலில் நின்றாள். நான் டீக்கடைப் பெஞ்சில் இருந்தேன். அவர்கள் ஊர்க்காரர்கள் சிலர் பஸ்ஸுக்காக அங்கேயே நின்றிருந்தார்கள். போனில் யாரையோ கூப்பிட்டு, எடுத்ததும் அதை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். திரையில் கணவர் முகம் தெரிந்தது.

"கொழுந்தனாரே, நான் எந்த மரத்துலேர்ந்து விழுந்தேன்? அண்ணன்ட்ட சொல்லுங்க."

அவன் செருப்பைப் பார்த்தான். ஊர்க்காரர்கள் அவனைப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க."

"விழுகலை மதினி" என்றான்.

போனில் கணவர், "சரி, சரி, ரோட்டுல வச்சு எதுக்கு இதெல்லாம், அதான் முடிஞ்சுபோச்சுல்ல" என்றார். அவள் போனை அணைத்தாள்.

அவர்கள் ஊருக்குப் போகும் பஸ் வந்தது. அவள் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறி, முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஊர்க்காரர்களும் ஏறினார்கள். கண்டக்டர் விசில் ஊதும்வரை அவன் படியருகே நின்றான், ஏறவில்லை. பஸ் போனபின் என்னிடம் வந்து, "வக்கீல் சார், அடுத்த வண்டி எப்ப?" என்று கேட்டான்.

அன்று அந்தப் பக்கம் வேறு வண்டி இல்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே போய் உங்கள் வக்கீலிடம் கேளுங்கள் என்றேன்.